மருந்து அடித்த குடிலுக்குள் யார் போவது?

ஏற்றுமதி ரோஜாப் பண்ணைகளில் தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்வது என் வேலை. பண்ணைக்குள் நுழைந்ததும் பசுமைக்குடில் வாசலில் தொங்கும் பலகையைத்தான் பார்ப்பேன். என்ன மருந்து, எப்போது அடித்தார்கள், மறுபடி எப்போது உள்ளே போகலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மருந்தின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப இந்த இடைவெளி மாறும். அமெரிக்க விதிகளில் பொதுவாக 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை. ரோஜாவுக்குச் சாம்பல் நோய், சிலந்திப்பேன், இலைப்பேன் என்று தொல்லைகள் அதிகம். பெட்டியில் பூச்சி தென்பட்டால் இறக்குமதி செய்யும் நாட்டில் சரக்கு நின்றுவிடும். அதனால் மருந்தடிப்பு ஓய்வதே இல்லை. பூவை யாரும் தின்பதில்லை என்பதால் காய்கறிக்கு இருப்பதுபோல் மருந்து எச்சத்துக்கு வரம்பும் ஐரோப்பாவில் வைக்கவில்லை. அந்த எச்சம் முதலில் படுவது அறுப்பவர், தரம் பிரிப்பவர், கட்டுக் கட்டுபவர் கைகளில். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு பண்ணையில் எல்லாப் பலகைகளும் கச்சிதமாக இருந்தன. மேலாளர் அறையில் வைத்துக் கேட்டபோது, நேரம் ஆகாமல் உள்ளே போகமாட்டோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சரி என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே அவர்களோடு உட்கார்ந்து கேள்வியை மாற்றிக் கேட்டேன். மொட்டு விரியப் போகிறது, லாரி காத்திருக்கிறது, பலகையில் இன்னும் நேரம் ஆகவில்லை, அப்போது என்ன செய்வீர்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னார்: “சூப்பர்வைசர் போன்னு சொன்னா போவோம். மாட்டேன்னா அடுத்த சீசன்ல பேர் இருக்காது.”

சீசனுக்குச் சீசன் புதுப்பிக்கும் ஒப்பந்தம் அவருடையது. கையுறை, முகக்கவசம், கழிப்பறை, ஓவர்டைம் கணக்கு என்று நாங்கள் சரிபார்க்கும் எல்லாமே அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது என்பது என் முடிவு. வேலை நிரந்தரமில்லாதவரால் எதையும் மறுக்க முடியாது. சூப்பர்வைசர் தப்பாகக் கை வைத்தால்கூட வாய் திறக்க முடியாது.

காகிதத்தில் உரிமைக்குக் குறைவில்லை. கொய்மலர், அதாவது காம்போடு அறுத்து விற்கும் பூ, உற்பத்திக்கென்றே தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 1998-இல் ஒரு சர்வதேச நடத்தை நெறியை உருவாக்கின. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2001-ஆம் ஆண்டு 184-ஆம் உடன்படிக்கை, கடும் ஆபத்து உடனே நேரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விவசாயத் தொழிலாளர் அங்கிருந்து விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இந்த உரிமைதான். அதை எடுத்துப் பேச அவருக்குப் பின்னால் சங்கம் வேண்டும். கென்யாவில் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகள் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசுகிறது. சங்கமே இல்லாத பண்ணைகளில் தணிக்கைச் சான்றிதழ்தான் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறது. சான்றிதழால் அது முடியாது. நான் வருஷத்துக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போகிறவன்.

காதலர் தினமான பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் கொலம்பியா, ஈக்வடார், கென்யா எங்கும் வேலை நேரம் எக்கச்சக்கமாக நீள்கிறது. திடீர் அவசரம் என்று நிர்வாகம் சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்தத் தேதிக்குப் பூ வரவேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே செடியின் முனையைக் கிள்ளிவிடுகிறார்கள். செடிக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு ஆட்களுக்கும் திட்டம் போடத் தெரியும். ஆனால் வாங்கும் கம்பெனி கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றினால் பண்ணைக்கும் வேறு வழியில்லை. 2020 மார்ச்சில் ஐரோப்பியச் சந்தை படுத்து, நெதர்லாந்து ஏலக் கூடத்திலேயே பூக்களை அழித்தார்களே, அப்போது ஆர்டர் ரத்தானதன் சுமை முதலில் விழுந்தது தற்காலிக ஆட்கள் மேல்தான்.

எங்கள் கேள்வித்தாளில் பண்ணைக்குப் பக்கம் பக்கமாகக் கேள்விகள் உண்டு. வாங்குபவர் ஆர்டரை எப்போது மாற்றினார், விலையை எப்போது உயர்த்தினார் என்று ஒரு வரி கிடையாது. இதை அறிக்கையில் தனியாக எழுதுகிறேன். அந்த அறிக்கையின் நகல் தொழிலாளர் குழுவுக்கும் அவர்கள் மொழியிலேயே கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறேன். பல பண்ணைகளில் அது இன்னும் நிர்வாகத்தின் அலமாரியைத் தாண்டவில்லை.