நோட்டீஸுக்கு ஒரு படம்

ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் சென்னைப் பக்கத்து போட்டோகிராபர்கள் உடனே மேடைப் படங்களைத்தான் கேட்கிறார்கள். அரிதாரம், வியர்வை, கையில் வேல், பின்னால் சாயம் போன சீன் படுதா. அதையும் எடுக்கிறேன், எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் கடை வாடகை கட்டுவது அந்தப் படங்கள் அல்ல. நோட்டீஸில் போடுவதற்கான மார்பளவுப் படங்கள்தான் கட்டுகின்றன.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரத்தில் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடப்பது ஸ்பெஷல் நாடகம். பெரும்பாலும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக்கொடுத்த பாதைதான்: வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன். இதில் கம்பெனி, குழு என்று எதுவும் கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், சிரிக்கவைக்கிற பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து சேருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்கிறார்கள். ஒத்திகை இல்லை, இயக்குநரும் இல்லை. பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

கதை எல்லோருக்கும் தெரியும், கம்பெனி பெயர் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அப்புறம் எதை வைத்து விளம்பரம் செய்வது? முகங்களை வைத்துத்தான். அதனால்தான் நாடக நோட்டீஸ் அப்படி இருக்கிறது. மேலே சாமி படம், ஊர் பெயர், திருவிழா விவரம். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (டிரம், தாளம் வாசிப்பவர்) என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், முகத்துக்கடியில் ஊரோடு சேர்த்துப் பெயர், பெயருக்கு முன்னால் யாரோ எப்போதோ கொடுத்த ஒரு பட்டம். டீக்கடைச் சுவரில் அது ஒட்டப்பட்ட அன்றே ஊரில் பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் வள்ளி யாரு, அந்த பபூனா, போன வருஷம் வந்தவரா?

இந்தப் படத்துக்கு வேஷத்தோடு யாரும் வருவதில்லை, குறைந்தபட்சம் என் கடைக்கு வருவதில்லை. முருகனாக நடிப்பவர் கலைந்த தலையைச் சீவி, வெள்ளைச் சட்டையோ பட்டுச் சட்டையோ போட்டு, விபூதி வைத்துக்கொண்டு வருவார். ஸ்திரீபார்ட் என்றால் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமம், இருக்கிற நகை எல்லாம், வாய் மூடிய சிரிப்பு. ஒரு முறை வெளியூர் நண்பர் ஒருவர் என் கம்ப்யூட்டரில் இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, என்னப்பா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஆளுக்கு ஒரு கேரக்டர் வேண்டாமா என்றார். அப்படி ஒரே மாதிரி இருப்பதற்குத்தான் அந்தப் பெண்கள் காசு கொடுக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

ராத்திரி ஊரே உட்கார்ந்து பார்க்க, முன்பின் பழக்கமில்லாத ஆணோடு மேடையில் காதல் தர்க்கம் பேசுகிற பெண்ணை, விடிந்ததும் அதே ஊர் எப்படிப் பேசும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நாடகக்காரி என்று தெரிந்தால் வீடு வாடகைக்குக் கிடைக்காது. சொந்தத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் அதை மறைக்கவேண்டும். இந்த நிலைமையில் அவர் கையில் இருக்கும் ஒரே பதில், சுவரில் ஒட்டப்படும் அந்தச் சின்னக் கட்டம். நான் ரொம்ப மதிக்கிற ஒரு மூத்த ஸ்திரீபார்ட் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே சொன்னது இது: “தம்பி, மேடையில என்னை எப்படி வேணும்னாலும் எடுத்துக்க. நோட்டீஸ் படத்தை மட்டும் என் மகளோட டீச்சரும் பார்ப்பாங்கன்னு நெனச்சு எடு.” எனக்கு இதைவிடத் தெளிவாக வேலையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கிடையாது.

பபூன்கள் கதை வேறு. மேடையில் அத்தனை பேரையும் சிரிக்கவைக்கிற மனுஷன் கேமரா முன்னால் வந்தால் கலெக்டர் மாதிரி உட்கார்ந்துகொள்வார். கோட் இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு, அதற்காகவே கடையில் ஒன்று தொங்குகிறது. அண்ணே, கொஞ்சம் சிரிங்களேன் என்றால், “சிரிக்கிறதுக்குத்தான் ராத்திரி காசு வாங்குறேன், இங்க நான்தான் உனக்குக் காசு கொடுக்குறேன்” என்பார்கள். சரிதானே.

லைட்டிங்கில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு சாஃப்ட்பாக்ஸ் பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை, 85 எம்எம் லென்ஸ். சண்டை வருவதெல்லாம் நிறத்தில்தான். இருக்கிற நிறத்தில் அழகாக எடுத்துக் கொடுத்தாலும், “கொஞ்சம் கலராக்கிடுங்க” என்ற வார்த்தை வராத நாள் கிடையாது. நான் ஆக்குவதில்லை. கறுப்புத் தோலுக்கு எக்ஸ்போஷரை ஏற்றினால் பட்டுச்சேலை ஜரிகையும் நகையும் வெளுத்துப்போகும், முகமும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். லைட்டைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்து, கன்னத்தில் அந்த இயல்பான மினுமினுப்பு விழும்படி செய்தால் அந்த நிறத்துக்கு ஈடே கிடையாது. இதை எடுத்து மானிட்டரில் காட்டினால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப்பேர் போகிற வழியில் வேறு கடையில் கலராக்கிக்கொள்வார்கள், அது எனக்குத் தெரியும்.

இன்னொரு தகராறு வயசு. லெட்டர்பிரஸ் காலத்தில் படம் அச்சாகவேண்டும் என்றால் உலோகத்தில் பிளாக் எடுக்கவேண்டும். அதற்குத் தனியாகச் செலவு. அதனால் ஒரு தடவை எடுத்த பிளாக்கையே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். இப்போது ஆஃப்செட், ஃபிளெக்ஸ் எல்லாம் வந்துவிட்டது, படம் மாற்ற ஒரு பைசா செலவில்லை, ஆனால் பழக்கம் மட்டும் போகவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய முகத்தோடு இன்றும் நோட்டீஸில் வருபவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ‘படத்துல ஒருத்தர், வந்தது ஒருத்தரு’ என்று, நடிகர்களைப் பேசி அனுப்பிய ஏஜெண்டிடம் சண்டைக்குப் போகிறார்கள், ஏஜெண்ட் அடுத்த சீசனில் கூப்பிட யோசிக்கிறார். இதில் மட்டும் நான் கலைஞர்கள் பக்கம் இல்லை. நாற்பத்தைந்து வயசு வள்ளி நாற்பத்தைந்து வயசுக்கு அழகாக இருந்தால் போதும், குரல் அப்படியே இருக்கிறதே.

இதற்கு நேர் எதிரானது சினிமா ஆசையில் வருகிற தம்பிகளுக்கு எடுக்கிற படம். ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் என்று ஆட்கள் திரைக்குப் போனதிலிருந்து நாடகம் ஒரு வாசல் என்ற நம்பிக்கை எல்லா ஊருக்கும் பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் இங்கே வருகிற தம்பிகள் கேட்பது புகை, கூலிங் கிளாஸ், தோளில் அருவா. நான் சொல்வது: ஜன்னல் வெளிச்சம், வெற்றுச் சுவர், டிசைன் இல்லாத ஒரு டீஷர்ட். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முழு உருவம் ஒன்று. பருவைத் துடைத்துவிடுவேன், ஒரு வாரத்தில் போய்விடும் சமாச்சாரம் அது. தழும்பையும் மச்சத்தையும் தொடமாட்டேன். ஆள் எடுப்பவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள், கதவைத் திறந்துகொண்டு யார் உள்ளே வரப்போகிறார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும். அருவாவை அவர்களே கொடுப்பார்கள்.

சரி, மேடைக்கு வருகிறேன். மைக். மேடை நாடகம் எடுக்கிறவர்களுக்கு இருட்டு எதிரி என்று நினைப்பீர்கள், உண்மையான எதிரி அந்த மைக் ஸ்டாண்டுதான். பாடுகிற வாய்க்கும் என் லென்ஸுக்கும் நடுவில் எப்போதும் அது நிற்கும். அதனால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவரை எடுக்கப் பழகிக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வள்ளிக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும்போது, எதிராளி போட்ட விடுகதைக்கு இந்தப் பக்கம் பதில் யோசிக்கிற முகம் இருக்கிறதே, அது நடிப்பு கிடையாது. முன்கூட்டிப் பேசி வைக்காத கேள்விகள் நிறைய விழும், மாட்டிக்கொண்டால் ஊர் முன்னால் மானம் போய்விடும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, டியூப்லைட் மேடை என்றால் ஷட்டரை 1/100-இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம், நம்மூர்க் கரண்டுக்கு அது ஒத்துப்போகும், பட்டை விழாது. இப்போது வாடகைக்கு வருகிற மலிவு எல்இடி விளக்குகள் அப்படி இல்லை, ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் துடிக்கிறது. நாடகம் ஆரம்பிக்கும் முன்பே நாலைந்து ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை தயங்காமல் ஏற்றலாம். அரிதாரம் பூசிய முகத்தை வைத்து அளவு எடுக்கவேண்டும், மேடை மொத்தத்துக்கும் எடுத்தால் முகம் வெறும் வெள்ளையாகிவிடும்.

மேடைக்குப் பின்னால் கீத்து மறைப்புக்குள் கேமராவோடு நான் போவதில்லை. சீசனில் வெளியூரிலிருந்து வரும் சில ‘அழிந்துவரும் கலை’ போட்டோகிராபர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள், பாதி ஒப்பனையில் இருக்கும் பெண்ணைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுகிறார்கள். அந்த முகம் சுவரில் எப்படி இருக்கவேண்டும் என்று அவர் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று தெரிந்திருந்தால் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும். அழிந்துவருகிறது என்று சொல்வதும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, சரியாகப் பங்குனி. அந்த சீசன் போச்சு. அடுத்த வருஷம் ஏப்ரலில் திருவிழாக்களுக்குத் தடை, அதுவும் போச்சு. என் கடைக்கு வந்தவர்கள் நிவாரண மனுவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டுத்தான் வந்தார்கள். அதற்கப்புறமும் நோட்டீஸ் அடிக்கிறார்கள், தேதிகள் நிரம்புகின்றன, புதுப் பெண்கள் டான்ஸுக்கும் வள்ளிக்கும் வருகிறார்கள்.

கடைசியாக நாடகக் கலைஞர்களுக்கும் அச்சகக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இரண்டங்குலப் பழைய படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், ஸ்கேன் செய்தால் 600 பிக்சல்தான் கிடைக்கும். அதை நாலடி ஃபிளெக்ஸில் போட்டால் அங்குலத்துக்குப் பன்னிரண்டு புள்ளி, மூக்கு எது வாய் எது என்று தெரியாது. நான் கொடுக்கிற ஃபைலை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்புறம், கட்டம் அகலமாக இருக்கிறது என்பதற்காக முகத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பாதீர்கள் அண்ணே. இடம் மிச்சம் இருந்தால் ரெண்டு பக்கமும் பூ போட்டு நிரப்புங்கள். போன சீசனில் ஒரு நாரதர் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்து, “எனக்கு எப்பய்யா அம்மைக்கட்டு வந்துச்சு?” என்று கேட்டார்.