சரளை மேட்டுப் புல்லும் வட்டவடைப் பூண்டும்

மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகிறவர்கள் மாட்டுப்பெட்டி அணையில் நாலு படம், குண்டலா ஏரியில் நாலு படம், டாப் ஸ்டேஷனில் கொஞ்சம் மேகம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதெல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் எனக்கு அந்த வழியில் பார்க்கப் பிடித்தது சாலை ஓரத்து மண். போடியில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் நல்ல நிலம் என்றால் கல் இல்லாத நிலம், மண்வெட்டி போட்டால் சத்தம் வரக் கூடாது. போடிமெட்டு ஏறி மேலே வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

எல்லப்பட்டி தாண்டியதும் சாலைக்காக மலையை அறுத்த இடங்கள் வரும். தேயிலை முடிந்து புல்மேடு தொடங்குகிற ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த வெட்டுக்கு முன்னால் நின்று பாருங்கள், மண் எப்படி உருவானது என்று மேலிருந்து கீழே எழுதியே வைத்திருக்கிறது. மேலே ஒரு முழம் அளவுக்குக் கறுப்பு கலந்த பழுப்பு. அதில் புல் வேர் நூல்நூலாக இறங்கி, கடலை அளவிலிருந்து கைமுட்டி அளவு வரை உள்ள கற்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கறுப்பு குறைந்து செம்பழுப்பாகும், கல் கூடும். இன்னும் கீழே போனால் மக்கிய பாறை. பார்க்கப் பாறை மாதிரியே வரியும் நிறமும் இருக்கும், நகத்தால் கீறினால் பொடிந்து கொட்டும். மேல் மண்ணில் சரிந்து கிடந்த ஒரு கைப்பிடியை எடுத்து அழுத்தினேன். புட்டுக்கு நனைத்த மாவு மாதிரி, பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. விரலில் நறநறவென்று மணல், கட்டைவிரல் ரேகையில் கறுப்பு.

அந்த வெட்டில் நான் தேடியது வேறு ஒன்று. மண்ணில் தண்ணீர் நின்று தேங்கினால் அதிலுள்ள இரும்பு நிறம் மாறிவிடும். சாம்பல் திட்டு திட்டாகவும் துரு நிறப் புள்ளிகளாகவும் அது தெரியும். அந்த மேட்டில் கண்ணுக்கு எட்டின ஆழம் வரை அப்படி ஒரு திட்டுகூட இல்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே சீரான பழுப்பு. பெய்கிற மழை நிற்காமல் இறங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதே மலைக்குக் கீழே, இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள சதுப்பில் மண் சாம்பல் நிறம், கால் வைத்தால் அமுங்கும்.

சரளை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு மண் ஆய்வாளர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல், 7.5 சென்டிமீட்டர் வரை உள்ள கல் சரளை; அதற்கும் பெரியது உருண்டைக்கல். மண்ணின் கன அளவில் 15 சதவீதத்துக்கு மேல் சரளை இருந்தால்தான் பெயரிலேயே சரளை என்று சேர்க்கிறார்கள், 35 சதவீதத்தைத் தாண்டினால் தனி வகுப்பாகவே பிரித்துவிடுகிறார்கள். அது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பாதி கல் என்றால் மீதிப் பாதி மண்தான் புல்லுக்குத் தண்ணீர் வைத்திருக்க முடியும். அதனால் புல் வேரை ஆழமாக அனுப்புகிறது, கல் சந்துகளில் நுழைகிறது, வருஷா வருஷம் பழைய வேர் செத்து அங்கேயே மக்குகிறது. குளிரில் மக்குவது மெதுவாகத்தான் நடக்கும். மேல் முழத்துக்கு அந்தக் கறுப்பு வந்தது இப்படித்தான்.

உலகத்தில் குளிர் மலை மேய்ச்சல் நிலங்கள் நிறைய இடங்களில் இதே சங்கதிதான். அமெரிக்காவின் ராக்கி மலைச் சரிவுகளில் கால்நடை மேயும் நிலங்கள் பலவற்றில் சரளை கலந்த, நன்றாக வடியும் மண். மேலிருந்து உருண்டு வந்த கல்லும் மண்ணும் சரிவில் படிந்து உண்டானவை. அங்கே 50 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வருடச் சராசரி வெப்பம் 0 முதல் 8 டிகிரிக்குள் இருந்து, கோடையிலும் மண் சரியாகச் சூடேறாமல் குளிர்ந்தே கிடந்தால் அதற்கு 'கிரையிக்' என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மண் உறைவதும் இளகுவதுமாக இருப்பதால், அடியில் இருக்கும் கல்லை மண்ணே கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். மேலே வந்து பரவிய கல் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும், ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் மூடியும் வைக்கும்.

மூணாறு மேடுகள் அந்த வகை இல்லை. இங்கே கோடை மண்ணுக்கும் குளிர்கால மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, தரை ஆழமாக உறைவதும் இல்லை. ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் விடியலில் புல் வெள்ளையாக உறைந்து நிற்கும், தேயிலை கருகும், அவ்வளவுதான். பெரிய வித்தியாசம் மழையில் இருக்கிறது. இரவிகுளம் பூங்காவின் ராஜமலைப் பக்கம் வருடத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. வடிகிற மண்ணில் அவ்வளவு தண்ணீர் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கையோடு கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் இந்த மண் புளிப்பு மண். மழை குறைந்த ராக்கி மேய்ச்சல் நிலங்களில் அந்தச் சத்துகள் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன.

மாட்டுப்பெட்டியிலும் மேய்ச்சல் கதை ஒன்று உண்டு. 1963-இல் இந்திய–சுவிஸ் திட்டம் தொடங்கியது அங்கேதான். சுவிட்சர்லாந்திலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்து உள்ளூர் பசுக்களோடு கலந்ததில்தான் 'சுனந்தினி' மாடு உருவானது. ஆல்ப்ஸ் மாட்டுக்கு இந்த மலையின் குளிரும் புல்லும் ஒத்துப்போனது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

சரி, வட்டவடைக்கு வருவோம். பாம்பாடும் சோலை செக்போஸ்ட் தாண்டி, காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் சட்டென்று மலை முழுக்கப் படிப்படியாகத் தோட்டங்கள். கோவிலூர் கடைத்தெருவில் கட்டன் சாயா குடித்துவிட்டு, தெரிந்த அண்ணன் ஒருவரின் பூண்டு வயலுக்கு இறங்கினேன். அவர் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னால் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது, இன்னும் வீட்டில் பேச்சு தமிழ்தான். வரப்பு என்று அங்கே தனியாக ஒன்றும் இல்லை. வயலில் பொறுக்கிய கல்லையே அடுக்கி ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் கட்டியிருக்கிறார்கள்.

"இம்புட்டுக் கல்லோட எப்படிண்ணே விவசாயம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"கேரட்டுக்குத்தான் தம்பி தொல்லை. கல்லுல முட்டுனா ரெண்டு காலா பிளந்துக்கும், சந்தையில எவனும் எடுக்க மாட்டான். அதனால பெரிய கல்லை மட்டும் பொறுக்கிருவோம். சின்னதை எடுத்தா பூண்டுக்கு ஆகாது. மண்ணு இறுகிரும், தண்ணி நின்னு பூண்டு அழுகிரும்."

ஒரு பூண்டைப் பிடுங்கிக் கொடுத்தார். காந்தலூர்–வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல் சிறியது, காரமும் மணமும் கூர்மை. பிடுங்கும்போது வேரோடு இரண்டு மூன்று சின்னக் கற்களும் கூடவே வந்தன, வேர் அவற்றை விடவே இல்லை. வருடம் தவறாமல் சுண்ணாம்பு போடுகிறாராம், போடாவிட்டால் விளைச்சல் இறங்கிவிடும் என்றார். மலை கழுவிவிட்டதை இவர் மூட்டையில் வாங்கிப் போடுகிறார்.

அவருடைய நிலத்துக்கு மேலே ஒரு சரிவு முழுக்க கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம். காட்டுப்பன்றித் தொல்லை, விலை கிடைக்காதது, ஆள் கிடைக்காதது எல்லாம் சேர்ந்து ஒரு காலத்தில் பலர் விவசாயத்தை விட்டுவிட்டு அதை நட்டார்களாம். அதற்குக் கீழே இருந்த ஊற்று இப்போது வெயில் காலத்தில் வற்றுகிறது என்றார். நான் அவரை நம்புகிறேன். வேகமாக வளரும் ஒரு யூகலிப்டஸ் காடு, புல்லைவிட அதிகத் தண்ணீரை மண்ணிலிருந்து உறிஞ்சி இலை வழியாக வெளியே விட்டுவிடும். புல்மேடு உறிஞ்சுவது குறைவு. வடிகிற மண் மிச்சத்தைப் பாறை வெடிப்புகளுக்குள் இறக்கி, மாதக்கணக்கில் மெதுவாக ஓடைக்கு விடுகிறது. புல்லை 'மரம் இல்லாத வெற்று நிலம்' என்று எண்ணி மரம் நடுவதுதான் எனக்கு இந்த மலைகளில் மிகவும் வலிக்கிற விஷயம். நீலகிரிச் சதுப்புகளில் புதைந்து மக்கிய பழைய தாவர எச்சங்களை ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரிந்திருக்கிறது. யாரும் காட்டை வெட்டி உண்டாக்கிய தரிசு இல்லை அது.

இந்த மண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தண்ணீர் வேகமாக இறங்குகிற சரளை மண், செங்குத்தான பாறை மேல் கிடந்தால், அளவுக்கு மீறிய மழையில் கீழே போக வழி இல்லாமல் தண்ணீர் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் சேர்ந்து, மண்ணின் பிடியைத் தளர்த்திவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, நாள்கணக்கில் கொட்டிய மழையில், இரவிகுளம் பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் மேலே இருந்த மலை சரிந்து லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். சரிவின் அடியில் யாரைக் குடிவைக்கிறோம், மலையின் அடிவாரத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதை மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வழியில் புதிதாக அறுத்த ஒவ்வொரு வெட்டையும் பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்பு வரும்.

போக நினைப்பவர்களுக்கு: வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் ராஜமலை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருக்கும், அதனால் ஜனவரி நல்லது. காலையில் சீக்கிரம் போனால் புல்லில் உறைபனி பார்க்கலாம். சரிவைவிடப் பள்ளத்தில்தான் அதிகம் இருக்கும், குளிர்ந்த காற்று கனமாகி அங்கேதான் இறங்கித் தங்குகிறது. பூங்காவில் போட்டிருக்கிற பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். ஈர மண்ணை மிதித்தால் அதன் சின்னத் துவாரங்கள் அடைபடும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி முதலில் அந்தக் கறுப்பு மண்ணைத்தான் அடித்துக்கொண்டு போகும். மண்ணைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் டாப் ஸ்டேஷன் சாலையில் பழைய வெட்டுகள் ஏராளம், மழை இல்லாத நாளாகப் பார்த்து நில்லுங்கள். அப்புறம், கோவிலூரில் பூண்டு வாங்கும்போது வேரில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கழுவாததுதான் ரொம்ப நாள் கெடாமல் இருக்கும்.