சோலில் ஓராண்டு: மனைவி போட்ட கணக்கு

கல்லீரல், கணைய அறுவை சிகிச்சையில் மேற்பயிற்சிக்குத் சிங்கப்பூரிலிருந்து தென்கொரியத் தலைநகர் சோலுக்குப் போகிறேன் என்றதும் கணக்குப் போட உட்கார்ந்தது என் மனைவிதான். எனக்கு அப்போது 38 வயது. தேசிய சேவை 2 ஆண்டு, மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, அப்புறம் அரசாங்க பாண்ட் (இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்), அறுவை சிகிச்சைப் பயிற்சி என்று போனதில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, அதன் கடன், இரண்டு பிள்ளைகள்.

உயிரோடு இருப்பவரிடமிருந்து கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்துவதில் கொரியர்கள் கெட்டிக்காரர்கள். கற்க வேண்டியது நிறைய. ஆனால் நான் போன இடத்தில் வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது. இங்கே என் மருத்துவமனை அடிப்படைச் சம்பளத்தைத் தந்தது. ஆன்-கால் படி, அதாவது நேரங்கெட்ட நேரத்தில் அழைத்தால் வருவதற்கான கூடுதல் தொகை, நின்றுவிட்டது. குடும்பம் அந்தப் படியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது முதல் மாதமே தெரிந்தது. சோலில் வாடகை வீட்டுக்கு வாங்கும் முன்பணமோ தலையைச் சுற்ற வைத்தது.

நான் யோசிக்காத இடத்தில்தான் பெரிய அடி. என் மனைவி ஆசிரியை, சம்பளமில்லா விடுப்பில் வந்தார். சம்பளம் இல்லையென்றால் மாதாமாதம் சேரும் மசே நிதியும் (மத்திய சேம நிதி) இல்லை: சம்பளத்தில் அவர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு, இரண்டுமே நின்றன. வீட்டுக் கடன் கழிந்துகொண்டிருந்தது அவருடைய மசே நிதியில் வீட்டுக்கு எடுக்கக்கூடிய பகுதியான சாதாரணக் கணக்கிலிருந்து. எட்டாவது மாதம் அது காலி. மீதித் தவணைகளை ரொக்கமாகக் கட்டினோம். "நல்ல முதலீடுங்க" என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் சம்பளம் ஏறும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு சொல். அரசாங்க மருத்துவமனைகளில் சம்பளம் பெரும்பாலும் பதவியைப் பார்க்கும், நீங்கள் எந்த உறுப்பை வெட்டுகிறீர்கள் என்று பார்க்காது. தனியாரில் குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூலம், கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பது) ஆகியவைதான் அன்றாடம் வரும் வேலை. அதற்கு சோல் போக வேண்டியதில்லை. கணையத் தலைப் புற்றுக்கான விப்பிள் அறுவை 6, 8 மணி நேரம் இழுக்கும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு, நடு இரவில் ரத்தக் கசிவு என்றால் ஓடிவர ஒரு குழு. தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர் இதை அடிக்கடி செய்வது கஷ்டம். அதாவது, நான் கூடுதலாகக் கற்ற வித்தை என்னைப் பெரிய மருத்துவமனையோடு இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டது. மேற்பயிற்சியே வேண்டாம் என்று தனியாருக்குப் போன நண்பன் போன வருடம் கார் வாங்க சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) எடுத்தான். நான் இன்னும் எம்ஆர்டி ரயிலில்தான்.

வேலை பிடித்திருக்கிறது, அது வேறு. ஆனால் பயிற்சிக்காக இன்னொரு பாண்ட் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் மனிதவளப் பிரிவில் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையில் பயிற்சிக் காலச் சம்பளமும் சேருமா என்று. நான் கேட்கவில்லை. என் பாண்டில் சேர்ந்திருக்கிறது, வட்டியோடு.