பூநாரையின் சிவப்பு எங்கே போயிற்று

சுண்டிக்குளக் கடல்நீரேரியில் பூநாரைகள் இறங்கியிருந்த நாட்களில், எனது முதலாவது ஸ்பொட்டிங் ஸ்கோப்பின் (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியின்) பார்வைத்துண்டில் கைபேசியைப் பொருத்தி எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அப்பறவைகள் நிறம் வெளிறிய கொக்குகளைப் போலவே விழுந்திருந்தன. கைபேசியில்தான் குறை என்று ஒரு பருவம் முழுவதும் நம்பியிருந்தேன். பின்பு ஒருநாள் விறாந்தை மின்குமிழின் கீழே முன்வில்லையைச் சரித்துப் பார்த்தபோது, அதில் தெரிந்த குமிழின் விம்பம் மாணிக்கக்கல்லைப் போலச் சிவந்திருந்தது. வில்லை எந்த நிறத்தைத் தெறிக்கச் செய்கிறதோ அந்த நிறம் உள்ளே குறைந்துவிடும். வில்லையின் மேல் படிந்திருந்த, கடையில் என் கண்ணைக் கவர்ந்த அந்தச் சிவப்புப் பூச்சே இறகின் சிவப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் தெறிக்கச் செய்யும். ஸ்கோப் ஒன்றுக்குள் வளியைத் தொடும் பரப்புகள் 16 இருப்பதாகக் கொண்டால், மறுமுனைக்கு வந்து சேர்வது பாதியளவு ஒளிதான். 1935இல் ஜேர்மனியின் சைஸ் ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் சுமாக்குலா காப்புரிமை பெற்ற மெல்லிய பூச்சு இந்த இழப்பைக் குறைக்க வழி திறந்தது. மக்னீசியம் புளோரைட்டு என்ற சேர்வையைக் கண்ணாடிப் பரப்பில் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு தடிப்பில் படியவிட்டால் தெறிப்பு ஒன்றரைச் சதவீதமளவுக்கு இறங்கும். பல அடுக்குப் பூச்சில் அது அரைச் சதவீதத்துக்கும் கீழே போகும்.

ஆனால் வெளிச்சம் குறைவதைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது வேறொன்று. தெறித்த ஒளியில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே அலைந்து, கடைசியில் கமராவின் உணரியில் வெண்புகையாகப் படிகிறது. காலை வெயில் நீரில் பட்டு எதிரே மின்னும்போது, கரிய நிழல்கள் சாம்பலாகி, கொக்கின் கழுத்தோரம் நீரோடு கரைந்துபோவது இதனால்தான். எல்லா வில்லைகளிலும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும். 'பூச்சிடப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் ஒரேயொரு பரப்பையும் குறிக்கலாம்.

வன்னியின் செம்புழுதியும் கடற்காற்றின் உப்பும் அந்தப் பூச்சைக் கீறிவிடும் என்பதால், முதலில் ஊதி, பின் மென்தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே துணியைத் தொடுகிறேன்; சேர்ட் நுனியால் துடைப்பதில்லை.

இப்போதுள்ள ஸ்கோப்பின் முன்வில்லையில் குமிழின் விம்பம் மங்கிய பச்சையாகத் தெரிகிறது. அதனூடாக எடுத்த படத்தில், வளர்ந்த பூநாரைகளின் சிவந்த சிறகுகளுக்கிடையே நிற்கும் சாம்பல் நிறக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது.