ஸ்கார்பியோ போனது, செடான் வந்தது
12 வருடம் ஓட்டிய ஸ்கார்பியோவை நேற்று கொடுத்தாகிவிட்டது. வண்டியைப் பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போடும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது, பொய் சொல்லவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், முழங்கால் தண்ணீரில் அம்மாவைத் தாம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி அது.

பதிலுக்கு வந்தது 6 வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் செடான். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயராம். பழைய வண்டியில் சேர்ந்த 50% நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டிக்கு அல்ல, ஆளுக்குத்தான். செடானை விற்ற பையன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன். மாற்றுபவர்கள் மறக்காதீர்கள்.

அம்மா ஏறி உட்கார்ந்ததும், "என்னப்பா இது, பாயில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் தெருமுனை வேகத்தடையில் வண்டியைக் கோணலாகத்தான் ஏற்றுகிறேன். அப்படியும் அடியில் ஒரு 'கர்ர்ர்'. மனைவி கண்ணை மூடிக்கொள்கிறாள். மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டால் சரி, வெண்ணெய்தான்.

வெள்ளத்துக்குப் பயந்து மழைக்கு முந்தைய நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். இந்த ஐப்பசிக்கு எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள், மக்களே.