கருவை விறகுக்கு எந்த வாள் மிஷின்?

தை அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கம் விறகு வெட்டும் காலம். மாசி, பங்குனியில் வெட்டிப் போட்டால் சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் கொட்டகையில் அடுக்கிவிடலாம். பரமக்குடியைச் சுற்றி இப்போது எந்த ஊர்ப் பக்கம் போனாலும் வாள் மிஷின் (செயின் சா) சத்தம்தான். என் தங்கச்சி மாப்பிள்ளையும் தன் புஞ்சையில் நிற்கும் கருவையை, அதாவது சீமைக் கருவேலத்தை, இந்த வருசம் கூலிக்கு விடாமல் தானே வெட்டப் போகிறாராம். "மச்சான், 58 சிசி மிஷின் ஒண்ணு ஆன்லைன்ல சல்லிசா வருது, 22 இஞ்ச் பார். போட்டுரவா?" என்று போனில் கேட்டார். பார் என்பது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு. வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஏன் வேண்டாம், எது வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன். அவர் நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

வீட்டில் காஸ் இருக்கிறது. ஆனால் அண்டா வைத்து நெல் அவிக்க, பெரிய பானையில் வெந்நீர் போட, கோயில் கிடா வெட்டுக்குச் சோறாக்க எங்களுக்கு விறகுதான். அதற்குக் கருவையை மிஞ்ச ஒன்றுமில்லை. "தென்னமட்டை பொசுக்குன்னு போயிரும், கருவைதான் நின்னு எரியும்" என்று அம்மா சொல்லும். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. 1877 வாக்கில் விறகுக்கென்றே வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்துக்கு விதை கொண்டுவந்தான். நிலத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, அது வேறு கதை. விறகு என்று பார்த்தால் வந்த வேலையைச் சரியாகச் செய்கிற மரம். கனமான கட்டை, கங்கு நெடுநேரம் நிற்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இத்தனை கரிமூட்டங்கள் புகைவது அதனால்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது சொந்தப் பட்டா நிலத்துக் கருவையைப் பற்றி. கண்மாய்க்குள் நிற்பது ஊர்ச் சொத்து, அதை ஏலம் எடுத்தவர்தான் வெட்ட வேண்டும்.

மிஷினைப் பற்றி யோசிக்கும் முன் மரத்தைப் பார்க்க வேண்டும். கருவை ஒற்றை அடிமரமாக நிற்பது குறைவு. ஒரே தூரில் இருந்து நாலைந்து கிளைகள் பிரிந்து, தாழ்ந்து, வளைந்து, முள்ளோடு பின்னிக் கிடக்கும். முன்பு ஒருமுறை வெட்டிய தூராக இருந்தால் இன்னும் அதிகம். அந்தக் கிளைகளில் முக்கால்வாசி கை கனத்தில் இருந்து தொடை கனம் வரைதான். தூர் மட்டும் அகலமாக இருக்கும். இதற்கு 22 அங்குல பார் எதற்கு? நீளமான பாரைப் பின்னிக் கிடக்கும் கிளைகளுக்குள் நுழைத்தால், நுனி எங்கே போய்த் தட்டுகிறது என்றே தெரியாது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. 14 அல்லது 16 அங்குலம் போதும். ஒரு பக்கம் அறுத்து, மறுபக்கம் வந்து மிச்சத்தை அறுத்தால் 16 அங்குல பாரில் இரண்டடி கனத்தைக்கூடத் தாண்டலாம். அவ்வளவு பெரிய கருவை நம் புஞ்சையில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எஞ்சினும் அப்படித்தான். வருசத்துக்கு வீட்டுக்கு வேண்டிய விறகு, கொஞ்சம் விற்பனைக்கு என்றால் 30 முதல் 40 சிசி வரை தாராளம். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, 4 கிலோ சொச்சம். ஹஸ்க்வர்னா கம்பெனியின் 120 என்பது 38.2 சிசி. இந்த அளவில் இருப்பதைக் காலை முழுக்க இடுப்பு உயரத்தில் பிடித்து வேலை செய்யலாம், கை கடுக்காது. கொஞ்சம் பெரிய தூர்களும் புளியங்கிளைகளும் அடிக்கடி வரும் என்றால் 45 சிசி பக்கம் போகலாம், ஸ்டில் எம்எஸ் 250 அந்த வகை. அதற்கு மேல் 72 சிசி எம்எஸ் 382 எல்லாம் மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு. பெரிய புளியோ வேம்போ சாய்ந்தால் அவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் கூலி கொடுப்பதே மேல்.

மாப்பிள்ளை கேட்ட அந்த மலிவு 58 சிசி மிஷினிலும் ஓடுகிற எஞ்சின் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் வாங்கினார், முதல் வருசம் நன்றாகவே அறுத்தது. பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றுச் சக்கரம் உடைந்தது. விற்றவர்களுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. அளவு பொருந்துகிற சாமான் தேடி மதுரை வரை போய்விட்டு வந்தார். வெட்டுக் காலமே முடிந்துவிட்டது. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் சிசியைப் பார்க்கும் முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: செயின், பார், கார்புரேட்டர் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), கிளட்ச் இதெல்லாம் இன்றைக்கே எடுத்துக் காட்ட முடியுமா? காட்டினால் அந்தக் கம்பெனி மிஷினை வாங்குங்கள். வாங்கும்போதே உபரியாக இரண்டு செயினும் அவற்றுக்கு ஏற்ற அரமும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை இதில் போட்டால் வேலை இரண்டு மடங்கு நடக்கும்.

கரண்டில் ஓடுவதும் உண்டு. விறகைக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டுவிட்டு அங்கே துண்டு போடுவது மட்டும்தான் வேலை என்றால் அது நல்லது. புகை இல்லை, சத்தம் குறைவு. புஞ்சைக்கு ஆகாது. பேட்டரி மிஷின்கள் லேசாக இருக்கின்றன, ஆனால் நாள் முழுக்கக் கருவை அறுக்க எத்தனை பேட்டரி வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் பெட்ரோல் மிஷின் விலையைத் தாண்டிவிடுகிறது.

இனி செயின். இதைத்தான் நான் உட்கார வைத்துச் சொல்ல நினைப்பது. கருவை கெட்டியான கட்டை, அதோடு எங்கள் பக்கத்துக் கருவையில் இன்னொரு தொல்லை. மழைக்குத் தண்ணீர் கட்டிய இடத்தில் நின்ற மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வண்டல் அப்பிக் காய்ந்திருக்கும். பட்டையின் வெடிப்புக்குள் மணல் இருக்கும். அதன் மேல் செயினை வைத்தால் ஒரே அறுப்பில் பல் மழுங்கிவிடும். அறுக்கப் போகிற இடத்தை அரிவாள் முதுகால் நன்றாகச் சுரண்டி, பட்டையோடு சீவித் தள்ளிவிட்டுத்தான் நான் மிஷினை வைப்பேன். பல் கூராக இருக்கிறதா என்று கீழே விழுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிராய் சிராயாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது, நிறுத்துங்கள். மழுங்கிய செயினை வைத்து அழுத்தி அறுக்கிறவர்கள்தான் "மிஷினுக்கு இழுவை பத்தல" என்று அடுத்த வருசம் பெரிய மிஷின் வாங்குகிறார்கள்.

தீட்டுவது கஷ்டமில்லை. பனந்துண்டு ஒன்றில் காடி வெட்டி வைத்திருக்கிறேன். பாரை அதில் செருகி ஆப்படித்துவிட்டால் அசையாது. சின்ன மிஷின்களுக்கு வரும் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம், 45 சிசிக்காரருக்கு 4.8. பல்லின் மேலே 30 டிகிரிக்குக் கோடு போட்டிருக்கும், அரம் அந்தக் கோட்டுக்கு இணையாகப் போக வேண்டும். பல்லின் உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று தள்ளு என்றால் மூன்றுதான். ஆரம்பித்த பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால் சுற்றி வந்தது தெரியும். ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து மற்றவை. தீட்டிய பல்லை வெயிலுக்குக் காட்டிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு மினுங்கினால் இன்னும் மழுங்கல் இருக்கிறது. கூரான விளிம்பு மினுங்காது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும், பல்லுக்கும் அதற்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம். அதற்கென்று ஒரு தகடு விற்கிறார்கள், அதை வைத்தே செய்யுங்கள். கண் மதிப்பில் அதிகம் இறக்கிவிட்டால் செயின் வெறிபிடித்துக் கடிக்கும், மிஷின் எகிறும்.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாக. பெட்ரோலில் கலக்கும் நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, மிஷினோடு வரும் புத்தகம் 25க்கு 1 என்று சொன்னால் 40 மில்லி. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், டேங்கிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் கெட்டுவிடும். வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்து, காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். செயின் ஆயில் டேங்கில் டிராக்டர் வேஸ்ட் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதில் இரும்புத்தூள் இருக்கும், பாரின் காடியைத் தின்றுவிடும். அந்த ஆயில் நம் நிலத்தில்தான் சிந்துகிறது என்பதையும் நினைக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி, எஞ்சின் தண்டை இழுக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு அறுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாரின் நுனியில், அதுவும் மேல்பாதியில், கிளை தட்டினால் மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். கருவை மாதிரிப் பின்னல் மரத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். முன்கைப்பிடியை இடது கை கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால்தான் மிஷின் கையை விட்டுப் போகாது, மணிக்கட்டு அந்தக் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் மட்டையில் பட்டு செயின் நிற்கும். பிரேக் இல்லாத, அல்லது பிரேக் பிடிக்காத மிஷினை ஓசியில் கொடுத்தாலும் தொடாதீர்கள். கெட்டி பேண்ட், முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு மூடி, இவ்வளவும் மிஷின் விலையோடு சேர்ந்த செலவு. கருவை முள் செருப்பைத் துளைத்து ஏறினால் என்ன வலி, எப்படி வீங்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலையும் வரிசைப்படி. முதலில் அரிவாளால் முள்கிளைகளைக் கழித்து, கவட்டைக் கம்பால் தள்ளி ஒதுக்கி, நிற்க இடமும் ஓட வழியும் பண்ணிக்கொள்ள வேண்டும். செத்தைக்கு அடியில் விரியன் கிடக்கும், கம்பால் தட்டிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். வளைந்து இழுபட்டு நிற்கும் கிளையை இழுபடும் பக்கத்தில் எடுத்த எடுப்பில் அறுத்தால், நெடுக்கப் பிளந்து ஆளை அடிக்கும். வளைவின் உள்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு வெளிப்பக்கத்தில் மெதுவாக இறக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. பக்கத்தில் ஓர் ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும், மரத்தடியில் அல்ல.

அறுத்ததை அடுப்புக்கு ஏற்ப ஒன்றரை அடித் துண்டு போட்டு, கனமானதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் கோடாலி தெறிக்கும், ஆப்பும் சம்மட்டியும் தேட வேண்டிவரும். மண்ணில் படாமல் இரண்டு வரிசைக் கல்லின் மேல், காற்று நுழைய இடம் விட்டு அடுக்கினால் கோடை முடிவதற்குள் காய்ந்துவிடும். தலைப்பில் நட்சத்திர வெடிப்பு விழுந்து, இரண்டு துண்டைத் தட்டினால் கணீர் என்று கேட்டால் ஈரம் போய்விட்டது. பச்சை விறகின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது வீட்டுப் பெண்கள்தான். அதற்காகவாவது ஒரு கோடை காத்திருக்கலாம். இரண்டாம் வருசத்துக்கு மேல் வைக்காதீர்கள், வண்டு துளைத்து மாவு கொட்டும்.

மிச்சம் இருப்பது தூர். தரையோடு அறுத்துவிட்டு வந்தால் அடுத்த மழைக்குப் பத்துக் கிளை விடும். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது பலர் மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போனார்கள், அந்த இடமெல்லாம் இப்போது முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. மாப்பிள்ளைக்கு என் யோசனை: மிளகாய் போடப் போகிற நடுப்புஞ்சையில் ஜேசிபி விட்டு வேரோடு எடுத்துவிடுங்கள். தூர்க்கட்டைக்குக் கரிமூட்டக்காரர்கள் விலை கொடுப்பார்கள், ஜேசிபி வாடகையில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். மேற்கு வேலியோரம் நிற்பதை மட்டும் விறகுக்கென்று விட்டு, காய் பழுக்கும் முன் கிளைகளைக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஆடு மாடு காயைத் தின்றால் விதை சாணியோடு போய் ஊரெல்லாம் முளைக்கும். அந்த வேலியோரத்துக்கு 16 அங்குல பார் போட்ட சின்ன மிஷின் போதும். வாங்கப் போகும்போது சொல்லுங்கள், பரமக்குடிக்கு நானும் வருகிறேன்.