பஸ்ஸில் பசித்தால்

டிஸ்சார்ஜ் அன்று தாய்மார்கள் கேட்பதில் முக்கால்வாசிக்கு வார்டில் பதில் தயாராக இருக்கும். தையல், தொப்புள்கொடி, அடுத்த தடுப்பூசி. இந்த ஒன்றுக்கு நான் சொன்ன பதில் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

"சிஸ்டர், ஊருக்கு மூணு மணி நேரம். பஸ்ல பாப்பா பசிக்கு அழுதா?"

"பஸ் ஸ்டாண்டுல பாலூட்டுற அறை இருக்கும்மா. ஏறுறதுக்கு முன்னாடி அங்க உக்காந்து குடுத்துடு."

தவறான பதில் இல்லை. 2015 ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் அந்த அறைகள் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடக்கும் அறைகளும் உண்டு, திறந்திருக்கும் இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் அவள் கேட்டது பஸ்ஸைப் பற்றி.

பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். ஏறும்முன் குடித்தாலும் பாதி வழியில் மறுபடி தேடும். முதலில் தலையைத் திருப்பும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசியில்தான். இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதுவரை விட்டால், வீறிடும் குழந்தையின் நாக்கு மேலே ஏறிக்கொள்ளும், வாய் பதியாது. காம்பை மட்டும் கவ்வி இழுத்துப் புண்ணாக்கிவிடும். சுற்றிப் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் தாய்க்கும் பால் இறங்கத் தாமதமாகும்.

பக்கத்தில் நின்ற மாமியார், "ஒரு புட்டியில பவுடர் பால் கரைச்சு எடுத்துக்கிட்டாப் போச்சு" என்றார். கரைத்த பால் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நம் ஊர் வெயிலில் அதுவும் அதிகம், ஒரு வேளை தவறினாலே மார்பில் பால் கட்டும், தொடர்ந்து தவறினால் சுரப்பே குறையும் என்று விளக்கினேன். பிறகு, "நீங்க எப்படிம்மா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நடவுக்குப் போன இடத்துல வரப்புல உக்காந்து குடுத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே, சிஸ்டர்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கம் நாகரிகத்தோடு வந்தது, பழைய காலத்தில் இல்லை என்று நாங்கள் வகுப்பெடுப்போம். அந்தம்மா சொன்னது வெட்கத்தைப் பற்றியே அல்ல. யாரோ படம் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் அறையைச் சொன்னேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஆனால் வெள்ளை யூனிபார்மில் நின்று அறையைக் காட்டும்போது, "மற்ற இடத்தில் கொடுக்காதே" என்றுதான் அவள் காதில் விழுந்திருக்குமோ? பொது இடத்தில் பால் கொடுப்பதை நம் நாட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் போனுக்கு முன்னால் அவளைத் தனியாக உட்காரவைத்ததாக ஆகியிருக்குமோ?

சீட்டில் கொடுப்பதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஜன்னலோர இடம், நடைபாதைப் பக்கம் கூட வந்தவர். முன்கொக்கி ரவிக்கையில் மேலிருந்து கழற்றக் கூடாது, கீழிரண்டு கொக்கியைக் கழற்றி மேலே தூக்கினால் போதும். முந்தானை மார்பையும் குழந்தையின் உடம்பையும் மூடட்டும், மூக்கை மூடக் கூடாது. நைலான் துப்பட்டா வேண்டாம், உள்ளே புழுங்கும். சிசேரியன் என்றால் மடித்த சேலை ஒன்று மடியில், தையலில் பாரம் விழாமல். பஸ் குலுங்கும்போது பிடி கழுத்திலும் தோளிலும் இருக்கட்டும். பின்தலையை அழுத்தினால் குழந்தை மார்பைத் தள்ளும்.

இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று கூட வந்தவரை வார்டு பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். துணைக்கு வருபவர் செய்ய வேண்டியது என்ன என்று புருஷனுக்கு வராந்தாவில் தனியாகச் சொல்கிறேன்: பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பி உட்கார், குழந்தை தேடும்போதே அவளிடம் சொல், யாராவது போனைத் தூக்கினால் நீ கேள். அறையை முதலில் சொல்வதா, சீட்டை முதலில் சொல்வதா என்பதில் மட்டும் ஆளைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கிறேன்.